சோக வயலினை நிறுத்துங்கள்: பொட்காஸ்ட் தொடங்கிய தங்கச்சிக்கு ஒரு பதில்

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடித்துவிட்டு முன்பள்ளியில் படிப்பிக்கிறார். மலையக மக்களைப் பற்றிப் பொட்காஸ்ட் ஒன்று தொடங்கி மூன்று பாகம் போட்டுவிட்டார். கேட்டவர்கள் எல்லாரும் 'நல்லா இருக்கு' என்கிறார்களாம். ஆனால் கணக்கைத் திறந்து பார்த்தால் நாலாவது நிமிடத்துக்குப் பிறகு ஆளே இல்லையாம். "அண்ணே, கேக்குறவங்க மனசத் தொடணும்னா என்ன செய்யணும்? நல்ல மைக் வாங்கணுமா? பின்னணி இசையை மாத்தணுமா?" இதுதான் கேள்வி.

மூன்றையும் கேட்டேன் தங்கச்சி. பண்டாரவளையிலிருந்து பதுளைக்குப் பஸ்ஸில் போகும்போது ஒன்று, திரும்பி வரும்போது ஒன்று, மூன்றாவதை ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டு. உங்களுடையதை நீங்களே ஒருமுறை அப்படிக் கேட்டுப் பாருங்கள். மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, கண்ணை மூடி, இதை மட்டும் கேட்கிற ஆள் எங்கேயும் கிடையாது. கை ஒரு வேலையில் இருக்கும், காது மட்டும்தான் உங்களுக்கு. அந்தக் காதும் பாதி நேரம் அடுத்த வீட்டுச் சண்டைக்குப் போய்விடும்.

மைக்கைப் பற்றிய கவலையை முதலில் விடுங்கள். உங்கள் குரல் நன்றாகவே விழுகிறது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. முதல் பாகம் வயலினோடு தொடங்குகிறது. யாரோ செத்த வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி ஒரு வயலின். அது ஓய்ந்ததும் 1823இல் கோப்பித் தோட்டத்துக்கு ஆட்கள் வந்த கதை, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை போட்ட கதை, 1948இல் பிரஜாவுரிமை போன கதை, 1964 ஒப்பந்தம். எல்லாம் சரியான தகவல்தான், ஒரு வருடம்கூடப் பிசகவில்லை. ஆனால் இதை யாருக்குச் சொல்கிறீர்கள்? நம் லயத்து ஆளுக்கென்றால், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கிறவருக்கென்றால், 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் 200 வருட நினைவு நடைபயணமே போய் முடிந்துவிட்டது. அந்த வருடம் முழுக்க மேடைக்கு மேடை இதையேதான் கேட்டார்கள். வெளி ஆளுக்கென்றால் அவர் புத்தகத்தில் படித்துக்கொள்வார். நீங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசப்போய், இரண்டு பேரும் நாலாவது நிமிடத்தில் எழுந்து போய்விட்டார்கள்.

நான் எந்த நிகழ்ச்சி செய்தாலும் ஒரே ஒருத்தியைத்தான் மனதில் வைத்துக்கொள்வேன். என் சின்னம்மா மகள். கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. மாதத்தில் ஒரு முறை ஊருக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பையோடு திரும்பிப் போவாள். பஸ்ஸில் ஐந்தாறு மணித்தியாலம். அந்த நேரத்தில் அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பேசுவதாக நினைத்துக்கொண்டு எழுதுவேன். எழுதிய ஒவ்வொரு வரியையும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று சோதிப்பேன். 'இந்த நாட்டின் பொருளாதாரத்தின் முதுகெலும்பாக விளங்கும் எம் மக்கள்' என்று அவளிடம் சொன்னால் சிரித்துவிட்டு, "என்னண்ணே, எலெக்சனா?" என்று கேட்பாள். அந்த வரியை அடித்துவிடுவேன். உங்களுக்கும் அப்படி ஒருவர் வேண்டும். 'மலையக இளைஞர்கள்', 'புலம்பெயர்ந்தோர்' என்றெல்லாம் கூட்டமாக நினைக்காதீர்கள். பேர் தெரிந்த ஒருத்தி, அல்லது ஒருத்தன்.

சரி, இனி அந்த வயலினுக்கு வருகிறேன். இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. நம்மைப் பற்றி வெளியிலிருந்து எடுக்கிற படமாகட்டும், விவரணமாகட்டும், அட்டை கடித்த காலும் ஒழுகுகிற கூரையும் இல்லாமல் முடிவதில்லை. அது பொய்யில்லை. ஆனால் அந்த லயத்தில் இருக்கிறவர்கள் ஒழுகுகிற கூரைக்குக் கீழே உட்கார்ந்து நாள் முழுக்க அழுதுகொண்டா இருக்கிறார்கள்? சட்டியை எந்த இடத்தில் வைப்பது என்று சண்டை பிடிப்பார்கள், சொட்டு விழுகிற சத்தத்துக்குத் தாளம் போடுவார்கள், மாப்பிள்ளை பார்க்க வருகிற நாளில் மழை வரக்கூடாதென்று நேர்த்தி வைப்பார்கள். வெளியில் இருக்கிறவர் கேட்டுவிட்டு 'ஐயோ பாவம்' என்பார். பிறகு அவர் வேலையைப் பார்க்கப் போவார். நம் ஆள் கேட்டுவிட்டு 'அட, எங்க வீட்டுலயும் இதே கததான்' என்று சொன்னால் அடுத்த பாகத்துக்கு வருவார், அக்காவுக்கும் அனுப்புவார். நீங்கள் தேட வேண்டியது இந்த இரண்டாவது ஆளை. அவரை அழவைக்கக் கிளம்பினால் ஒரு நாளும் பிடிக்க முடியாது.

அப்படியென்றால் எதைப் பிடித்துக்கொள்வது? ஒரு பதிவைச் சொல்கிறேன்.

உங்கள் இரண்டாம் பாகத்தில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வருகிறது, பிரஜாவுரிமை இல்லாத நம் ஆட்களை இலங்கையும் இந்தியாவும் பங்கிட்டுக்கொண்ட அந்த 1964 ஒப்பந்தம். 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று விட்டு, 1974இல் அதையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள் என்று வாசிக்கிறீர்கள். சில வருடங்களுக்கு முன் நானும் இதே விஷயத்துக்காக அப்புத்தளைப் பக்கம் ஒரு பாட்டியிடம் போனேன். எழுபதுகளில் அவருடைய தங்கச்சி குடும்பம் கோச்சி (ரயில்) ஏறித் தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம் போய்விட்டது. நான் பெரிய ஆள் மாதிரிக் கேட்டேன்: "தங்கச்சி பிரிஞ்சு போனப்ப உங்க மனசு எப்பிடி இருந்துச்சு பாட்டி?" பாட்டி சொன்னார்: "கஷ்டமாத்தான் இருந்துச்சு. என்னா செய்ய, போக வேண்டியவங்க போனாங்க." முடிந்தது. அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. தப்பு பாட்டியிடம் இல்லை. மனசு எப்படி இருந்தது என்று கேட்டால் எல்லாரும் சொல்லிவைத்த பதிலைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். எனக்கே கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

தேத்தண்ணி வந்தது. வேறு எதுவும் தோன்றாமல், "மொத நாள் ராத்திரி என்னா சமைச்சீங்க?" என்று கேட்டேன். ரொட்டி சுட்டாராம். கோச்சிக்குக் கட்டிக்கொடுக்க. மா காணாமல் பக்கத்துக் காம்பராவில் ஒரு கொத்து கடன் வாங்கினாராம். அதிலிருந்து தகரப் பெட்டிக்குப் போனார், பெட்டியில் இடம் இல்லாததால் விட்டுப் போன சாமான்களுக்குப் போனார். அப்புறம் இது வந்தது: "அவ கொழுந்துக் கூடைய எனக்குக் குடுத்துட்டுப் போனா. அவ என்ன விட ஒசரம். கயித்த இழுத்துக் கட்டுனாத்தான் கூட எனக்கு முதுகுல ஒக்காரும். நான் கட்டல. அவ நீளத்துலயேதான் கெடந்துச்சு. நடக்கையில இடுப்புல இடிக்கும். ரெண்டு மூணு மாசம் அப்பிடியேதான் மலைக்குப் போனேன்."

அதற்குப் பிறகு பதிவில் ஒன்பது விநாடி யாரும் பேசவில்லை. அடுப்பில் விறகு ஒன்று வெடிக்கிற சத்தம் மட்டும் கேட்கும். அப்புறம் பாட்டி, "தண்ணி ஆறுது, குடிங்க" என்கிறார்.

தலையில் கயிற்றைப் போட்டுக் கூடை சுமந்த பொம்பளைகள் அதைக் கேட்டால் விளக்கம் எதுவும் தேவைப்படாது. கூடையையே தொடாத என் கொழும்புக் கூட்டாளி ஒருவன்கூட அந்த இடத்தில் பஸ் இறங்க மறந்துவிட்டதாகச் சொன்னான். 5 லட்சத்து 25 ஆயிரத்தை அதற்குப் பிறகு சொன்னேன், ஒரே வரியில். அப்போது அந்த எண் எடுபட்டது. முதலில் சொல்லியிருந்தால் பரீட்சைப் பாடமாகப் போயிருக்கும்.

ஆகவே கேள்விகளை மாற்றுங்கள். 'எப்படி உணர்ந்தீர்கள்' வேண்டாம். என்ன சமைத்தீர்கள், என்ன உடுத்தியிருந்தீர்கள், யார் கதவைப் பூட்டியது, அன்றைக்கு முழுநாள் சம்பளத்துக்குப் பேர் விழுந்ததா அரைப் பேரா, நாய் என்ன ஆனது என்று கேளுங்கள். சம்பளப் பிரச்சினையைப் பற்றி ஒரு பாகம் செய்யப்போவதாக எழுதியிருந்தீர்கள். 2021இல் நாள் சம்பளம் 1000 ரூபாயான கதையைச் செய்தியில் எல்லாரும் கேட்டாயிற்று. நீங்கள் ஒரு வீட்டில் சம்பள நாள் ராத்திரி போய் உட்காருங்கள். காசு மேசையில் எந்த வரிசையில் பிரிக்கப்படுகிறது, கடைக்கு எவ்வளவு, சீட்டுக்கு எவ்வளவு, கடைசியில் கையில் நிற்கிற தாளை யார் எங்கே ஒளிக்கிறார் என்று கேட்டு வாருங்கள். பாகம் அதிலேயே இருக்கிறது.

அந்த ஒன்பது விநாடியைப் பற்றி இன்னொன்று. நான் வானொலிக்கு நிகழ்ச்சி செய்யத் தொடங்கிய காலத்தில் இப்படியான மௌனங்களையெல்லாம் மும்முரமாக வெட்டித் தள்ளியிருக்கிறேன். காற்றில் சத்தம் இல்லாமல் போனால் நேயர் நிலையத்தை மாற்றிவிடுவார் என்ற பயம். பழைய நாடாக்களைக் கேட்டால் இப்போது வெட்கமாக இருக்கிறது. ஆட்கள் மூச்சே விடாமல் பேசுகிறார்கள். பொட்காஸ்ட்டில் அந்தப் பயம் வேண்டாம். 'ம்ம்', 'வந்து', திரும்பத் திரும்பச் சொன்னது, இவற்றை வெட்டலாம். ஒருவர் ஒன்றைச் சொல்லிவிட்டு நிறுத்துகிற இடத்தை மட்டும் தொடாதீர்கள். அங்கே வயலினைப் போட்டு நிரப்புவது அதைவிட மோசம்.

இசையே கூடாது என்று சொல்லவில்லை. தொடக்கத்தில் ஐந்து விநாடி, முடிவில் ஐந்து விநாடி, போதும். அதுவும் நம் மலையில் சத்தத்துக்கா பஞ்சம்? காலையில் தேயிலை ஸ்டோரில் ஊதுகிற சங்கு, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவது, கொழுந்து நிறுக்கிற இடத்தில் கிலோவுக்காக நடக்கிற வாக்குவாதம், காமன் கூத்துக்குத் தப்பு மேளத்தைத் தீயில் காய்ச்சி அடித்துப் பார்ப்பது. தப்பைக் காய்ச்சும்போது அதன் குரல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், கேட்டிருப்பீர்கள். அதை ஒரு நிமிடம் பதிந்து வைத்துக்கொண்டால் உங்களுக்கு வேறு தலைப்பிசை தேவையில்லை.

பதிவு செய்யும் முறையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். போன் போதும். சட்டையில் குத்துகிற சின்ன மைக் ஒன்று கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் போனை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், கொஞ்சம் பக்கவாட்டில் பிடியுங்கள். நேராகப் பிடித்தால் 'ப' வரும்போதெல்லாம் காற்று இடிக்கும். ஏரோபிளேன் மோடில் போடுங்கள். நடுவில் அழைப்பு வந்து ஒரு நல்ல வாக்கியம் செத்துப்போவதைப் போன்ற கொடுமை இல்லை. காம்பராவில் எதிரொலி இருந்தால் ஆளுக்குப் பின்னாலும் எதிர்ச் சுவரிலும் கம்பளியைத் தொங்கவிடுங்கள். பேச்சு முடிந்ததும் யாரும் பேசாமல் அரை நிமிடம் வெறும் அறையைப் பதிந்துகொள்ளுங்கள். வெட்டி ஒட்டும்போது ஓட்டை தெரியாமல் அடைக்க அதுதான் உதவும். எடிட் செய்யக் கணினி கிடைத்தால் ஓடாசிட்டி இலவசம். தகரக் கூரையில் மழை விழுந்தால் எந்த மென்பொருளாலும் முழுதாகத் துடைக்க முடியாது. இலேசான மழையென்றால் விட்டுவிடுங்கள், நம்மவருக்கு அது வீட்டுச் சத்தம். அடைமழையென்றால் ரெக்கோட்டை நிறுத்திவிட்டு உட்கார்ந்து பேசுங்கள். நல்ல கதை பல தடவை அப்போதுதான் வரும், அது பதிவாகாமல் போவதும் உண்டு, என்ன செய்ய.

குரலைப் பற்றி. நீங்கள் எனக்கு அனுப்பிய குரல் செய்தியில் பேசுகிற ஆளும் பொட்காஸ்ட்டில் பேசுகிற ஆளும் வேறு வேறு. பொட்காஸ்ட்டில் கொழும்பு எஃப்.எம். அக்கா ஒருவர் வந்து உட்கார்ந்துகொள்கிறார். 'வணக்கம் அன்பு நெஞ்சங்களே' என்று உங்கள் வீட்டில் யாரைக் கூப்பிடுவீர்கள்? 'தேயிலைத் தொழிற்சாலை' என்று நீங்கள் வாசிக்கிற இடத்தில் உங்கள் அம்மா 'ஸ்டோரு' என்கிறார், 'தாழ்வாரம்' என்கிற இடத்தில் 'இஸ்தோப்பு' என்கிறார். அந்தச் சொற்களை வையுங்கள். யாழ்ப்பாணத்து ஆளுக்கோ சென்னை ஆளுக்கோ ஒன்றிரண்டு புரியாமல் போகலாம். போகட்டும், இரண்டு பாகம் கேட்டால் பிடித்துக்கொள்வார்கள். நாம் அவர்கள் பேச்சைக் கேட்டுப் பழகவில்லையா?

அப்புறம் பேர் சொல்லிக் கூப்பிடுவது. இது பழைய வானொலியிடம் கற்றுக்கொள்ள வேண்டியது. என் அப்பா இலங்கை வானொலியின் நேயர் விருப்பத்துக்குத் தபாலட்டை எழுதிப் போடுவார். லயத்தில் அப்போது ஒரே வீட்டில்தான் ரேடியோ. அட்டை போட்ட வாரத்திலிருந்து அந்த இஸ்தோப்பில் எல்லாரும் கூடிவிடுவார்கள். ஒரு நாள் அப்பா பேரும், தோட்டத்தின் பேரும், டிவிஷன் பேரும் கணீரென்று வந்தன. அன்றைக்குப் போட்ட பாட்டு எதுவென்று அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் ஞாபகம் வரவில்லை. பேர் சொன்ன விதம் மட்டும் ஞாபகம். அறிவிப்பாளர் மாதிரியே சொல்லிக் காட்டுவார். நீங்களும் ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் ஒரு சின்னக் கேள்வி கேளுங்கள். 'உங்கள் கருத்துகளைப் பகிருங்கள்' வேண்டாம், அதற்கு யாரும் பதில் போடமாட்டார்கள். 'உங்க வீட்டு ரொட்டிக்கு என்னா சம்பல்?' என்று கேட்டுப் பாருங்கள். வட்ஸ்அப்பில் குரல் செய்தி வரும். அடுத்த பாகத்தில் அவர்கள் பேரையும் தோட்டத்தையும், அவர்கள் சம்மதித்தால், வாசியுங்கள். குரல்களையும் போடுங்கள். பேர் வந்த ஆள் அதை இருபது பேருக்கு அனுப்புவார்.

சம்மதம் என்று சொன்னேன். இதில் நான் செய்த தப்பைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு அக்கா, புருஷன் குடித்துச் சேர்த்த கடனை எப்படி அடைத்தார் என்று எனக்குச் சொன்னார். அருமையான பதிவு. பேரை மாற்றினேன். ஆனால் 'பிள்ளை மடுவத்துக்குப் பக்கத்து லயம்' என்று அவர் ஓரிடத்தில் சொன்னதை அழகாக இருக்கிறதென்று விட்டுவிட்டேன். ஒரே வாரத்தில் டிவிஷன் முழுக்க ஆளைக் கண்டுபிடித்துவிட்டது. குரல் ஒன்றே போதும், அதோடு இடமும் கிடைத்தால் கேட்கவா வேண்டும். அக்கா சண்டை போடவில்லை. "பரவாயில்ல தம்பி" என்றார். அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகிற நாளில் அவர் இஸ்தோப்புக்கு வருவதில்லை.

அன்றிலிருந்து இரண்டு தடவை கேட்கிறேன். பேசுவதற்கு முன் ஒரு தடவை. எடிட் செய்ததை அவர் காதில் போட்டுக் காட்டி, இரண்டு நாள் கழித்து இன்னொரு தடவை. வேண்டாம் என்றால் அழித்துவிடுவேன். நல்ல பதிவு இரண்டு அப்படிப் போயிருக்கிறது. இன்னொன்று, லயத்துச் சுவருக்குக் காது உண்டென்பது நம்மிடம் பழமொழி இல்லை, நிஜம். ஒரு பக்கம் தும்மினால் மறுபக்கம் 'நூறு' என்பார்கள். கங்காணி, தலைவர், மாமியார், யாரைப் பற்றியாவது பேச்சு வரும்போலிருந்தால் கோயில் மேட்டுக்கோ ரோட்டோரத்துக்கோ கூட்டிக்கொண்டு போய்ப் பேசுங்கள். சாவு வீட்டுக்கும் மண்சரிவு நடந்த இடத்துக்கும் சூட்டோடு சூடாக மைக் கொண்டு போகாதீர்கள். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 அன்று லயங்கள் மண்ணுக்குள் போனபோது அந்தப் பெயரை நாடே சொன்னது. அடுத்த அடுத்த ஒக்டோபர்களில் போய்க் கேட்கிறவர்தான் குறைவு. நீங்கள் அப்போது போகலாம்.

எங்கே போடுவது, எவ்வளவு நீளம் என்றும் கேட்டிருந்தீர்கள். ஸ்பொடிஃபையில் இலவசமாக ஏற்றலாம், மற்றச் செயலிகளுக்கு அங்கிருந்தே கொடுக்கலாம். ஆனால் நம் ஆட்கள் யூடியூபிலும் வட்ஸ்அப்பிலும்தான் கேட்பார்கள், அதனால் ஒரு படத்தோடு யூடியூபிலும், வெறும் ஒலிக் கோப்பாக வட்ஸ்அப்பிலும் போடுங்கள். டேட்டா காசு என்பதை மறக்காதீர்கள். பேச்சுக்கு மோனோவில் 64 கேபிபிஎஸ் தாராளம். 20 நிமிடப் பாகம் 10 எம்பிக்குள் அடங்கும். வாரம் ஒன்று என்று சத்தியம் செய்யாதீர்கள், மூன்றாவது மாதம் மூச்சு வாங்கும். ஆறு பாகம் என்று சொல்லித் தொடங்கி, மாதம் ஒன்று, சம்பளம் வருகிற 10ஆம் திகதியை ஒட்டி வருகிற ஞாயிற்றுக்கிழமை போடுங்கள். போனில் காசு இருக்கிற நாள் அது. வயல் மாதிரி, விதைத்த அன்றே எண்ணிப் பார்க்காமல், கேட்பவர் எண்ணிக்கையை மூன்று மாதத்துக்குத் திறக்காமலே இருந்தால் இன்னும் நல்லது. உங்களால் முடியாது என்று தெரியும், எனக்கும் முடியவில்லை.

கடைசியாக, மூன்றாவது பாகம். 11ஆவது நிமிடம் அளவில் நீங்கள் வீட்டுத்திட்டத்தைப் பற்றி வாசித்துக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து உங்கள் அம்மா, "ஏண்டி, யாருகிட்ட இவ்வளவு நேரமா பேசிக்கிட்டிருக்க?" என்கிறார். நீங்கள் 'மன்னிக்கவும்' என்று சொல்லிவிட்டு அதோடு வெட்டிவிட்டீர்கள். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்ற ஒரே இடம் அது. நீங்கள் அம்மாவுக்கு என்ன பதில் சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரிய வேண்டும். வெட்டாத பதிவு போனில் இன்னும் கிடந்தால் அனுப்புங்கள், நாலாவது பாகத்தை அங்கிருந்து தொடங்கலாம். வட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்புங்கள், குரல் செய்தியாக வேண்டாம்.